பிள்ளைகளின் பதற்றக் கோளாறு: சிகிச்சையைத் தேடிப் படிக்கும் பெற்றோர் அடிக்கடி கேட்பவை

புதுச்சேரியில் ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை. டாக்டர்கள் எதை எங்கே தேடுவார்கள் என்று தெரியும், அவ்வளவுதான். என் மகனுக்கு ஆறாம் வகுப்பில் பதற்றக் கோளாறு வந்தபோது அந்த வித்தை கொஞ்சம் உதவியது, கொஞ்சம் கெடுத்தது. அதிலிருந்து பஸ்ஸிலும் கல்யாணப் பந்தியிலும் பாகூர் முதல் நெல்லிக்குப்பம் வரை தெரிந்தவர்கள் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்பார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

"பயப்படாத பிள்ளை எங்கே இருக்கு? இதை நோய்னு எப்போ சொல்றது அக்கா?"

இரண்டு வயதில் அம்மா கண்ணில் படாவிட்டால் அழுவது, நாலு வயதில் இருட்டுக்குப் பயப்படுவது, பதிமூன்று வயதில் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று கூசுவது எல்லாம் அந்தந்த வயதுக்குரியவை. பயம் எவ்வளவு நாளாக இருக்கிறது, அதனால் பிள்ளையின் அன்றாடம் எவ்வளவு சுருங்கிவிட்டது என்ற இரண்டையும்தான் டாக்டர்கள் பார்க்கிறார்கள். பெற்றோரைப் பிரியும் பயம் என்றால் நான்கு வாரமாவது நீடித்திருக்க வேண்டும். ஆட்களைக் கண்டு வரும் சமூகப் பதற்றம், எதைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் பொதுப் பதற்றம் ஆகியவற்றுக்கு ஆறு மாதம் கணக்கு.

பள்ளிக்கூடம், தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் இவற்றில் ஏதாவது ஒன்று கைவிட்டுப் போயிருந்தால் அந்த ஆறு மாதக் கணக்கை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். 2015-16இல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. உங்கள் வீட்டில் மட்டும் நடக்கும் அதிசயம் இல்லை இது.

"திங்கட்கிழமை ஆனா வயிற்றுவலி. ஸ்கேன் எல்லாம் நார்மல். நடிக்கிறானா?"

இல்லை, வலி நிஜம். பயத்தில் குடல் இறுகும், வாந்தி வரும், தலை வலிக்கும். என் மகனை மூன்று டாக்டரிடம் காட்டினோம். ஒருவர் வயிற்றுப் புண் என்று சிரப் கொடுத்தார், ஒருவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார், மூன்றாமவர் "நாலு போடு போடுங்க, சரியாயிடும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்து திங்கள் பத்து மணிக்கு நிற்கும் வலிக்கு என்ன அர்த்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்காக உடல் பரிசோதனையே வேண்டாம் என்று விட்டுவிடவும் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் எடுத்தாலும் படபடப்பு வரும். ஒரு முறை பார்த்து முடித்துவிட்டால் போதும். ஐந்தாவது ஸ்கேனுக்குப் பணம் சேர்க்க வேண்டாம்.

"கூகுளில் தட்டினா தலை சுத்துது. எங்கிருந்து ஆரம்பிக்கணும்?"

காக்ரேன் என்ற அமைப்பின் தளத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு சிகிச்சையைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, எது நம்பத்தக்கது எது சொத்தை என்று சலித்துத் தரும் அமைப்பு அது. ஒவ்வொன்றுக்கும் எளிய நடையில் ஒரு பக்கச் சுருக்கம் இலவசமாகக் கிடைக்கும். சிலவற்றுக்குத் தமிழிலேயே உண்டு. அடுத்தது பப்மெட். கோடிக்கணக்கான மருத்துவக் கட்டுரைகளின் சுருக்கங்கள் அதில் இருக்கின்றன. பக்கவாட்டில் 6-12 வயது, 13-18 வயது என்று வடிகட்டும் வசதி உண்டு. அதைப் போடாமல் தேடினால் பெரியவர்கள் பற்றிய கட்டுரைகளே குவியும், படிக்கிற நமக்கு அது தெரியவும் தெரியாது.

எதைப் படித்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை வயதுப் பிள்ளைகள்? எதோடு ஒப்பிட்டார்கள்? எவ்வளவு நாள் கவனித்தார்கள்? "நூறு பேருக்குக் கொடுத்தோம், எண்பது பேர் தேறினார்கள்" என்பது ஆய்வு இல்லை. அந்த எண்பதில் சும்மா விட்டிருந்தாலும் தேறியிருப்பவர்கள் எத்தனை பேரோ! குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். யூடியூபில் வெள்ளைக் கோட்டு போட்டுப் பேசுகிறவர் எவ்வளவு தன்மையாகப் பேசினாலும் இந்த மூன்றையும் அவரிடமும் கேட்கலாம்.

"எங்க பார்த்தாலும் சிபிடி, சிபிடின்னு வருது. உட்கார வெச்சு அட்வைஸ் பண்றதா?"

அட்வைஸ் இல்லை. அட்வைஸில் குணமாகும் என்றால் நம் வீடுகளில் ஒரு பிள்ளைக்கும் பதற்றம் இருக்காது. சிபிடி என்பது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை. பெரும்பாலும் வாரம் ஒரு முறையாகப் பன்னிரண்டு, பதினாறு அமர்வுகள் நடக்கும். பயம் உடம்பில் எப்படி வருகிறது, மனம் என்ன கதை கட்டுகிறது என்று பிள்ளை முதலில் தெரிந்துகொள்ளும். அப்புறம் வருவதுதான் முக்கியம். பயப்படும் விஷயத்தை நெருங்கிப் பழகுவது, சின்னதிலிருந்து பெரியதாக, படி படியாக. இது புதுசும் இல்லை. முயலைக் கண்டால் அலறிய பீட்டர் என்ற மூன்று வயதுகூட நிரம்பாத பையனுக்கு, பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்து பயத்தைப் போக்கியதை உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924இலேயே எழுதியிருக்கிறார்.

நம் ஊருக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலுக்கும் அதன் பின்னால் வந்த வெள்ளத்துக்கும் பிறகு, மேகம் கறுத்தாலே நடுங்கும் பிள்ளைகள் கடலூர்ப் பக்கம் பல வீடுகளில் உண்டு. 2011இல் 'தானே' புயலைப் பார்த்த அம்மாக்களே நடுங்குகிறோம், பிள்ளைகளைச் சொல்வானேன். அப்படி ஒரு பிள்ளைக்கு, படிப்படியாக ஏறும் அந்தப் பயிற்சி ஏணி இப்படி இருக்கலாம்: கைபேசியில் மழைச் சத்தம் கேட்பது, காற்றடிக்கும்போது ஜன்னலருகே ஐந்து நிமிடம் நிற்பது, தூறலில் திண்ணையில் உட்கார்ந்து முறுக்கு தின்பது, குடை பிடித்து டியூஷனுக்குப் போவது. ஒவ்வொரு படியிலும் பயம் தானாக இறங்கும்வரை, அல்லது "பயத்தோடும் நிற்க முடிகிறது" என்று பிள்ளைக்குத் தெரியும்வரை நிற்க வேண்டும். பாதியில் ஓடினால் பயம்தான் ஜெயிக்கும்.

இரண்டு எச்சரிக்கை. கலெக்டர் ஆபீஸ் எச்சரிக்கை விட்ட நாளில் திண்ணைப் பயிற்சி கிடையாது, முகாமுக்குப் போவதுதான் சரி. வெள்ளத்தில் நேரடியாக மாட்டிக்கொண்ட பிள்ளைக்குக் கெட்ட கனவும் பழைய காட்சியும் திரும்பத் திரும்ப வந்தால், அது அதிர்ச்சிக்குப் பின் வரும் வேறு கோளாறு. அதற்குத் தனிச் சிகிச்சை முறை உண்டு. வீட்டிலேயே ஏணி கட்டாதீர்கள்.

"இதெல்லாம் கேட்க நல்லா இருக்கு. நூத்துக்கு எத்தனை பேருக்கு வேலை செய்யுது?"

அதிகம் பேசப்படும் ஆய்வின் பெயர் கேம்ஸ். 2008இல் வெளியானது. அமெரிக்காவில் ஆறு இடங்களில், 7 முதல் 17 வயதுள்ள 488 பிள்ளைகள். சிபிடி, செர்ட்ராலின் மாத்திரை, இரண்டும் சேர்த்து, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை என்று நான்கு குழு. பன்னிரண்டு வாரம் கழித்து நன்றாகத் தேறியவர்கள்: இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 80.7 சதவீதம், சிபிடி மட்டும் 59.7, மாத்திரை மட்டும் 54.9, வெற்று மாத்திரை 23.7.

2020இல் வந்த காக்ரேன் தொகுப்பு இன்னும் கறாரானது. கோளாறே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குணமானவர்களை மட்டும் எண்ணினார்கள். சிபிடி பெற்றவர்களில் 49.4 சதவீதம், சிகிச்சை தொடங்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் 17.8. அதாவது பாதிக்குப் பாதி. "நூறு சதவீதம் குணம்" என்று போர்டு வைத்திருப்பவரிடம் போகும்முன் இந்த எண்ணை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

"சும்மா மாத்திரை சாப்பிட்டே நூத்துக்கு 24 பேர் தேறிட்டாங்களே, அப்போ கொஞ்சம் காத்திருந்து பார்க்கலாமா?"

நல்ல கேள்வி. அந்தப் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. முறையாக டாக்டரைப் பார்த்தார்கள், தைரியம் சொல்ல ஒருவர் இருந்தார், மாத்திரை தின்கிறோம் என்ற நம்பிக்கையும் இருந்தது. வீட்டில் காத்திருப்பதில் இவை எதுவும் இல்லை. பயம் லேசாக இருந்து, பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தால் சில வாரம் கவனித்துப் பார்க்கலாம். பள்ளியே நின்றுபோன பிள்ளைக்கு ஒவ்வொரு வாரமும் திரும்பப் போவது கடினமாகிக்கொண்டே வரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேம்ஸ் ஆய்வில் இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்குத் தாங்கள் நிஜ மாத்திரைதான் சாப்பிடுகிறோம் என்று தெரியும். ஆகவே 80.7இல் நம்பிக்கைக்கும் ஒரு பங்கு இருக்கலாம். அந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைச் சராசரியாக ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது, பதற்றக் கோளாறு இல்லாமல் இருந்தவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. திரும்ப வரக்கூடிய கோளாறு இது. வந்தால் தோற்றுவிட்டோம் என்று எண்ணாமல் திரும்பப் போக வேண்டியதுதான்.

"மாத்திரை ஆரம்பிச்சா காலம் பூரா அடிமையாயிடுவாளா?"

இரண்டு வகை மாத்திரையை ஊரில் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். அல்பிரசோலம், குளோனசிபாம் போன்றவை உடனே அமைதி தரும். பழக்கமாகிவிடும் ஆபத்து இவற்றில்தான். பிள்ளைகளின் பதற்றக் கோளாறுக்கு இவை உதவுகின்றன என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை. பாட்டியின் தூக்க மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

எஸ்எஸ்ஆர்ஐ என்ற வகை வேறு. செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெட்டின், எஸ்ஸிட்டலோப்ராம் எல்லாம் இதில் வரும். இன்னும் வேண்டும் என்ற ஏக்கம் இதில் வராது. ஆனால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும். டாக்டர் சொன்னபடி குறைத்துக்கொண்டே வந்துதான் நிறுத்த வேண்டும். முதல் வாரங்களில் வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை, சில பிள்ளைகளுக்கு நிலைகொள்ளாத பரபரப்பு வரலாம். சின்ன வயதில் இது கொஞ்சம் அதிகம்.

"பிள்ளைங்களுக்கு இந்த மாத்திரை கொடுத்தா தற்கொலை எண்ணம் வரும்னு போட்டிருக்கே. படிச்சதிலிருந்து தூக்கமே இல்லை."

போட்டிருப்பது உண்மை. 2004 அக்டோபரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கறுப்புக் கட்டம் கட்டிய எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. 24 ஆய்வுகளில் 4,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரத்தைக் கூட்டிப் பார்த்ததில், தற்கொலை எண்ணமோ நடத்தையோ வந்தது மாத்திரை எடுத்தவர்களில் 4 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம். அந்த ஆய்வுகளில் ஒரு பிள்ளையும் இறக்கவில்லை.

2007இல் இன்னொரு தொகுப்பு மனச்சோர்வையும் பதற்றத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தது. பதற்றக் கோளாறில், மூன்று பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்தால் கூடுதலாக ஒருவருக்குப் பலன். 143 பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவருக்கு அந்த எண்ணம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் முதல் மாதமும் அளவை மாற்றும்போதும் பிள்ளையைக் கூர்ந்து கவனியுங்கள். "செத்துப்போகலாம் போல இருக்கா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "ஆமாம்" என்று பதில் வந்தால் பிள்ளையைத் தனியே விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

"செர்ட்ராலின் பிள்ளைங்க பதற்றத்துக்கு அனுமதி இல்லாத மருந்துன்னு நெட்டில் இருக்கு. எங்க டாக்டர் எழுதியிருக்காரே?"

அமெரிக்காவில் செர்ட்ராலினுக்குப் பிள்ளைகளிடம் உள்ள அனுமதி ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்கு மட்டும், ஆறு வயதிலிருந்து. பதற்றத்துக்கு அனுமதி பெற்றவை துலாக்செட்டின் (2014), எஸ்ஸிட்டலோப்ராம் (2023), இரண்டும் ஏழு வயதிலிருந்து பொதுப் பதற்றக் கோளாறுக்கு. வேடிக்கை என்னவென்றால், மேலே சொன்ன கேம்ஸ் ஆய்வில் வேலை செய்தது செர்ட்ராலின்தான். அனுமதி என்பது கம்பெனி விண்ணப்பித்து வாங்குவது. பழைய, விலை குறைந்த மருந்துக்கு அந்தச் செலவைச் செய்ய எந்தக் கம்பெனிக்கும் ஆர்வம் இருக்காது. அனுமதி இல்லை என்றால் ஆதாரம் இல்லை என்று அர்த்தமில்லை. ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று டாக்டரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

"வெள்ளைக்காரப் பிள்ளைங்ககிட்ட செஞ்ச ஆராய்ச்சி நம்ம பிள்ளைக்கு எப்படிப் பொருந்தும்?"

நியாயமான சந்தேகம். கேம்ஸில் பெரும்பாலோர் வெள்ளையர். பயத்தின் அடிப்படை எல்லா ஊரிலும் ஒன்றுதான், ஆனால் சிகிச்சையின் பேச்சு மாற வேண்டும். "உன் கருத்தை அப்பாவிடம் உறுதியாகச் சொல்" என்ற பயிற்சியை வில்லியனூரில் ஒரு கூட்டுக்குடும்பத்துப் பெண்ணுக்கு அப்படியே கொடுத்தால், பதற்றம் தீருமுன் வீட்டில் பஞ்சாயத்து நடக்கும். தமிழில் பேசி, குடும்பத்தைக் கலந்து நடத்துபவரைத் தேடுங்கள். இந்தியாவிலும் வேலை நடக்கிறது. டெல்லி அரசுப் பள்ளிகளில் மருத்துவர் அல்லாத ஆலோசகர்களை வைத்து வளரிளம் பருவத்தினருக்குப் பிரச்சினை தீர்க்கும் பயிற்சி கொடுத்த ஆய்வு 2020இல் வந்தது. பதற்றத்துக்கென்றே தனியாக வைத்ததல்ல அது.

"எங்க மாமியார் மந்திரிச்சு தாயத்து கட்டினா போதும்ங்கிறாங்க."

கட்டிக்கொள்ளட்டும். பிள்ளையை அடிக்காமல், பட்டினி போடாமல், பயமுறுத்தாமல் செய்வதாக இருந்தால் வேப்பிலை அடிப்பதில் கேடு ஒன்றும் இல்லை, மாமியாரும் நம் பக்கம் வருவார். தாயத்து கட்டியாச்சு, இனி டாக்டர் வேண்டாம் என்றால்தான் சிக்கல். அதோடு, தாயத்து இல்லாமல் பரீட்சை எழுத முடியாது என்ற நிலைக்குப் பிள்ளை வந்தால் அது புதிய ஊன்றுகோல்.

"அஸ்வகந்தா, வல்லாரை கொடுக்கலாமா? இயற்கைதானே?"

அஸ்வகந்தா பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பெரியவர்களிடம் நடந்தவை. கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய மருத்துவக் குறிப்புகளும் உண்டு. வல்லாரைத் துவையல் சாப்பாடு, தாராளமாகச் செய்யுங்கள். மருந்தளவில் எதைக் கொடுத்தாலும் மனநல டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

"டாக்டர்கிட்ட வரவே மாட்டேன்னு கதவைச் சாத்திக்கிறான். நான் மட்டும் போய் என்ன பண்ண?"

போங்கள். யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய ஸ்பேஸ் என்ற முறையில் பிள்ளை வரவே வேண்டாம், பெற்றோர் மட்டும்தான் போவார்கள். 7 முதல் 14 வயதுள்ள 124 பிள்ளைகளின் குடும்பங்களை வைத்து ஒப்பிட்டதில், பிள்ளைக்கு நேரடியாகக் கொடுத்த சிபிடிக்கு அது சளைக்கவில்லை.

பயத்துக்கு வீடு எங்கெல்லாம் வளைந்து கொடுக்கிறது என்று பார்த்து, அந்த வளைதலை ஒவ்வொன்றாக நிறுத்துவதுதான் அதன் சாரம். "வெள்ளம் வருமா?" என்று இருபது தடவை கேட்டால் இருபது தடவையும் பதில் சொல்வது, கடைக்காரரிடம் அவனுக்குப் பதிலாக நாம் பேசுவது, பன்னிரண்டு வயதுப் பெண்ணோடு தினமும் ஒரே பாயில் படுப்பது எல்லாம் வளைதல். அன்பால் செய்கிறோம், ஆனால் பயத்துக்குத் தீனியாகிறது. நிறுத்தும்போது "உனக்குக் கஷ்டம்தான், தெரியுது. உன்னால தாங்க முடியும்" என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் பாதியை மட்டும் சொல்கிற அம்மாக்களையும் இரண்டாம் பாதியை மட்டும் சொல்கிற அப்பாக்களையும் நிறையப் பார்த்துவிட்டேன்.

"நம்ம பக்கத்தில் எங்கே போறது?"

கோரிமேட்டில் ஜிப்மர் மனநலத் துறை இருக்கிறது. கடலூர்க்காரர்களுக்கு மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனையும், மாவட்ட மனநலத் திட்டமும் உண்டு. கூட்டத்துக்கு மனதைத் தயார் செய்துகொண்டு காலையிலேயே போங்கள். ஊரிலேயே ஆரம்பிக்க நினைத்தால் 14416. டெலி மானஸ் என்ற அரசின் இலவச எண், தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர், சிபிடி நடத்துபவர் பெரும்பாலும் மருத்துவ உளவியலாளர். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். மூன்று மாத சான்றிதழ் படிப்பு முடித்தவரும் 'கவுன்சலர்' என்று போர்டு மாட்டலாம் என்பதால் சொல்கிறேன்.

"ஆராய்ச்சியில் பொண்ணைச் சேர்க்கலாமான்னு கேக்கறாங்க. சோதனை எலி ஆக்கிடுவாங்களா?"

இந்தியாவில் மருந்து சோதனைகளை சிடிஆர்ஐ என்ற பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். 2009 ஜூனிலிருந்து கட்டாயம். அதன் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தளத்தில் தட்டிப் பாருங்கள். எத்தனை பேர், எதோடு ஒப்பிடுகிறார்கள், யார் பணம் தருகிறார்கள் எல்லாம் இருக்கும். உங்கள் கையெழுத்து மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) நெறிமுறைப்படி ஏழு வயதுக்கு மேல் பிள்ளையின் வாய்மொழி இசைவும், பன்னிரண்டுக்கு மேல் எழுத்து இசைவும் வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. வெற்று மாத்திரைக் குழுவில் விழுந்தால் எத்தனை வாரம், அதற்கப்புறம் நிஜ சிகிச்சை தருவீர்களா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"ஆறு மாசமா படிச்சுட்டே இருக்கேன் அக்கா. இன்னும் கொஞ்சம் படிச்சுட்டு முடிவு பண்ணலாமா?"

நான் எட்டு மாதம் படித்தேன். நூலகத்திலேயே வேலை, கேட்க வேண்டுமா! இருநூறு பக்க நோட்டு நிறைந்துவிட்டது. அந்த எட்டு மாதமும் மகன் வீட்டில் இருந்தான். மேலே பயத்துக்கு வளைவதைப் பற்றி எழுதினேன் இல்லையா? பெற்றோரின் பயத்துக்கும் அப்படி ஒரு வளைதல் உண்டு. "இன்னும் ஒரு கட்டுரை" என்று தள்ளிப்போட்டது நான்தான். தேடியது அவனுக்கான சிகிச்சையைவிட, தப்பே வராது என்ற உத்தரவாதத்தை. அது எந்தக் கட்டுரையிலும் கிடைக்கவில்லை.

கடைசியில் நோட்டைக் கிழித்து ஒரே தாளில் நாலு கேள்வி எழுதி எடுத்துக்கொண்டு போனேன். அவனுக்கு இருப்பது எந்த வகைப் பதற்றம், முதலில் எதை ஆரம்பிக்கிறோம், எத்தனை வாரத்தில் என்ன மாற்றம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் அடுத்து என்ன. டாக்டர் தாளை வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் பதில் சொல்லவில்லை. நாற்காலியை மகன் பக்கம் திருப்பி அவனிடம் சொன்னார். மூன்றாவது அமர்வில் அவன் போட்ட ஏணியின் முதல் படி: பள்ளி கேட் வரை சைக்கிளில் போய், வாட்ச்மேனுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வருவது.